எஸ்தர் அக்காவின் எதிர் நாற்காலியில்

எஸ்தர் அக்காவின் கணவர் டேவிட் மாமா வகுப்பு நேரத்தில் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. அன்று காலை எட்டாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் பெயரைப் போனில் பார்த்ததுமே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். "மேகலா, உங்க அக்கா போயிட்டாம்மா. டீ கேட்டா. போட்டு எடுத்தாந்தேன், அதுக்குள்ள..." என்றார்.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் மடியில் இருக்கும் பையின் மேல் என் விரல்கள் தாமாகச் சுண்டிக்கொண்டே வரும். போட்டிக்குப் போய்ப் போய் வந்த பழக்கம். அன்றைக்கும் சுண்டின. இன்னொரு கையால் அவற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் கேரம் ஆடியவர்களுக்கு எஸ்தர் அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கடலூர் முதுநகரில் கணவரோடு சின்ன மருந்துக் கடை வைத்திருந்தார். கடை நேரம் போக மீதி நேரமெல்லாம் கேரம்தான். பெண்கள் பிரிவின் கோப்பை பல வருடங்களாக அவர் வீட்டு அலமாரியை விட்டு வெளியே போனதில்லை. மற்றவர்கள் இரண்டாம் இடத்துக்குத்தான் போட்டி போட்டார்கள்.

2005இல் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. அப்போதுதான் நான் படிப்பை முடித்திருந்தேன். அண்ணன்களோடு ஆடி ஆடி எனக்குக் கை வேகம் வந்திருந்தது, திமிரும் கூடவே வந்திருந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே வந்து உட்கார்ந்தவரைப் பார்த்ததும், இவரா அந்தச் சாம்பியன் என்று நினைத்தேன். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவரைப் போலவே நிதானமாக ஒவ்வொரு காயையும் குழியில் போட்டார். என் காய்கள் போர்டில் அப்படியே நின்றன. முடிந்ததும் கை கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் இவ்ளோ வேகமா அடிக்கிறே? காய் உன்னைத் திட்டுச்சா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய் அன்று முதல் மெதுவாக அடிக்கப் பழகினேன்.

அடுத்த வருடம் கடலூரில் மறுபடியும் நாங்கள் இருவர்தான் இறுதி ஆட்டத்துக்கு வந்தோம். மூன்றாவது ஆட்டத்தின் கடைசி போர்டு. ராணியை அவர் எடுத்துவிட்டார். அவருக்கு மிச்சம் ஒரே காய், அதுவும் குழியின் வாசலில் நின்றது. எனக்கு நான்கு. அவர் குனிந்து ஸ்ட்ரைக்கரை வைத்தார். பிறகு சட்டென்று கையை எடுத்துவிட்டு நடுவரைப் பார்த்தார். "அண்ணே, என் வளையல் அவ காய் மேல பட்டுடுச்சு. ஃபவுல்." நடுவர் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர் போட்டிருந்த காய் ஒன்று திரும்பப் போர்டுக்கு வந்தது, முறை எனக்கு வந்தது. நான்கு காய்களையும் வரிசையாகப் போட்டேன். கோப்பை என் கைக்கு வந்தது.

அதன் பிறகுதான் பேச்சு கிளம்பியது. சின்னப் பெண் என்று எஸ்தர் விட்டுக் கொடுத்துவிட்டார் என்றார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. முதுநகருக்குப் போய்க் கடை வாசலில் நின்றே கேட்டுவிட்டேன்: "அக்கா, நெசமா சொல்லுங்க. வேணும்னே செஞ்சீங்களா?"

அவர் ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "விட்டுக் குடுக்கற ஆளா நானு? அந்தக் கோப்பை போனதுல ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. பட்டுச்சு, சொன்னேன். நீ நாலு காய் போட்டே. அது நீ போட்டது. போ, போய் நல்லா ஆடிப் பழகு, அடுத்த வருசம் உன்னை விடமாட்டேன்."

சொன்னபடியே விடவில்லை. 2007இல் நாங்கள் ஆடியதைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள். அவர் ஆடியதில் அதுதான் சிறந்த ஆட்டம். நான் ஆடியதிலும் அதுதான். ஒரு காய் வித்தியாசத்தில் தோற்றேன். மனதில் வருத்தமே இல்லை. வெளியே டீக்கடையில் வடையைப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தபடி சொன்னார்: "எனக்கு ரெண்டு, உனக்கு ஒண்ணு. அடுத்த வருசம் சமமாக்கப் பாரு."

அடுத்த வருடப் போட்டிக்கு முன்பே அவருடைய வலது பக்கம் பக்கவாதத்தில் விழுந்துவிட்டது. அந்த வருடம் நான் மிக எளிதாக ஜெயித்தேன். கோப்பையை அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் சாய்ந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேச்சு குழறியது, ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்: "இதைக் கணக்குல சேக்காதே. நான் இல்லையே."

இரண்டு வருடம் கழித்து, போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்களில் எஸ்தர் அக்காவும் இருந்தார். இடது கையால் ஆட வந்திருந்தார். முதல் சுற்றிலேயே ஒரு கல்லூரிப் பெண்ணிடம் தோற்றார். அந்தப் பெண்ணுக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றதும், "என்னா, மூஞ்சிய இப்படி வெச்சிருக்கே? இந்தக் கைக்கு நான் புதுசு. புதுசா வந்தவுங்க தோக்கறதுதான்," என்று சிரித்தார்.

அதற்கும் அடுத்த வருடம் குலுக்கலில் அவர் பெயர் எனக்கு எதிராக விழுந்தது. உட்கார்ந்ததுமே சொல்லிவிட்டார்: "பாவம் பாத்து ஆடினே, எழுந்து போயிடுவேன்." நான் பாவம் பார்க்கவில்லை. மண்டபத்தில் சிலர் முகம் சுளித்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் இரண்டாவது ஆட்டத்தில் அந்த இடது கை, போர்டின் ஓரத்தில் ஒட்டிக் கிடந்த ராணியைத் தொட்டும் தொடாமலும் தள்ளிக் குழியில் இறக்கியது. நான் வாய் விட்டு "ஐயோ" என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோசத்தை நான் என்னவென்று எழுதுவது!

ஜெயித்தது நான்தான். கை கொடுக்கும்போது, "இப்போ ரெண்டுக்கு ரெண்டு," என்றார்.

"இது கணக்குல வராதுக்கா."

"ஏன் வராது? உன் எதுர்ல நான்தானே உக்காந்திருந்தேன்? இந்தக் கை இன்னும் கொஞ்சம் படியட்டும். அஞ்சாவது ஆட்டத்துல பாத்துக்கலாம்."

அந்த ஐந்தாவது ஆட்டம் இனி இல்லை. முதுநகர் வீட்டில் பெட்டிக்குள் வெள்ளைப் புடவையில் கிடந்தவரின் கைகளை மார்பின் மேல் சேர்த்து வைத்திருந்தார்கள். இடது கையின் ஆள்காட்டி விரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, அதனடியில் தோல் காய்த்துப் போயிருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை டேவிட் மாமா கவனித்துவிட்டார்.

"தெனமும் கடைய சாத்திட்டு வந்து அடிப்பாம்மா. போதும் எஸ்தர், ஒடம்புக்கு ஜாஸ்தின்னா கேக்கமாட்டா. 'மேகலாவ ஜெயிக்க வேணாமா'ன்னுவா."

ஆறுதல் சொன்னவர்கள், உதவி செய்தவர்கள், நல்லது நினைத்தவர்கள் என் வாழ்க்கையில் நிறையப் பேர் உண்டு. என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்று இத்தனை ஆசையோடு, பாதி உடம்பை வைத்துக்கொண்டு, நாள் தவறாமல் உழைத்தவர் எஸ்தர் அக்கா ஒருவர்தான். அதைவிடப் பெரிய மரியாதையை எனக்கு யாரும் செய்ததில்லை. அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.