கூப்பிடு தூரத்தை அளந்த நாலு நாள்

மலைக்கு வழிகாட்டுகிறவனுக்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற ஒரே கேள்விக்கு நாளொன்றுக்கு நாற்பது தடவை, முகம் கோணாமல் பதில் சொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். குடும்பத்தோடு திருவிழாவுக்கு நடந்து போனவர்கள், மாமனாரை ரயிலேற்றிவிட்டவர்கள், கல்யாணக் கோஷ்டியைக் கட்டி மேய்த்தவர்கள் எல்லாரும் இந்தக் கஷ்டத்தில் என் பங்காளிகள். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

நாமக்கல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி ஒருவர் என்னைப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அதிலிருந்த ஐந்து ஒற்றுப்பிழைகளையும் திருத்தி அவருக்கே திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு எனக்குக் காற்றோட்டமான வேறு தொழில் தேவைப்பட்டது. அப்போதெல்லாம் மோட்டார் அடிவாரத்தோடு நின்றுவிடும். கொல்லிமலை மேலேறி, மலைமுதுகோடு மூன்று நாலு நாள் நடக்க விரும்புகிறவர்களை நான் கூட்டிப் போவேன். கோயிலுக்குப் போகிறவர்கள், மூலிகை தேடுகிறவர்கள், மரம் எண்ண வந்த உத்தியோகஸ்தர்கள் எனப் பலரை நடத்தியிருக்கிறேன். கோர்ட்டையே நடத்திக்கொண்டு போனது ஒரே ஒரு தடவைதான்.

முக்காலமும் உணர்ந்த பத்திரம்

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குப்பண்ணனுக்கு மலைமேல் ஒரு கிச்சிலி ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அவருடைய அப்பா அதை நல்லம்மாள் என்ற மலைக்காரப் பெண்ணின் மாமனாரிடம் கிரயம் வாங்கியிருந்தார். பத்திரத்தில் எல்லை இப்படி எழுதியிருந்தது: "கழுகுப்பாறை தொட்டுக் கிழக்கே மலைமுதுகோடு ஒரு கூப்பிடு தூரம்." அந்தத் தூரம் கொஞ்சம் நீண்டால் அங்கே ஊறும் சுனை குப்பண்ணனுக்கு, கொஞ்சம் குறைந்தால் நல்லம்மாளுக்கு. குப்பண்ணன் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நேரில் பார்த்து எல்லையை நிர்ணயித்து வரும்படி ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தார்கள். கோர்ட்டுப் படிக்கட்டுக்கு மேல் உயரமான எதிலும் ஏறிப் பழகாத மனிதர்.

புறப்படுமுன் அவர் என்னை அழைத்து, கூப்பிடு தூரம் என்றால் எவ்வளவு என்று விசாரித்தார். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "அது வினைத்தொகை ஐயா. கூப்பிட்ட தூரம், கூப்பிடுகிற தூரம், கூப்பிடும் தூரம் என்று மூன்று காலமும் அதற்குள் மறைந்து நிற்கின்றன. யார் கூப்பிட்டார், யாரைக் கூப்பிட்டார் என்பதும் இல்லை" என்று விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பண்டிதரே, முக்காலமும் கோர்ட்டுக்கு வேண்டாம். முழக்கணக்கு வேண்டும்."

வாதியின் தொண்டை

அடிவாரத்தில் எல்லாரும் கூடினோம். கமிஷனர் ஒரு மடக்கு மேஜை, இரண்டு சட்டப் புத்தகம், ஒரு குடையோடு வந்தார். குப்பண்ணன் ஈரத்துணி சுற்றிய வெற்றிலைக் கூடையோடு வந்தார். கூடவே ஆறடி உயரத்தில் ஒருவர், கழுத்தில் கம்பளித் துணி சுற்றிக்கொண்டு, எங்களைக் குடிகளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். ஓமலூர்ப் பக்கத்துக் கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவராம். தொண்டை கெட்டுவிடும் என்று வழியில் ஒரு வார்த்தை பேசமாட்டாராம். குப்பண்ணன் என் காதோடு சொன்னார்: "இவுரு கூத்துல 'யாரங்கே'ன்னு ஒரு கொரலு குடுத்தாருன்னா மூணாவது ஊருல மாடு கவுத்தை அத்துக்குமுங்க வாத்தியாரய்யா!"

நல்லம்மாள் விடியற்காலையில் மலையிலிருந்து இறங்கி வந்து, எங்களோடு திரும்ப ஏறக் காத்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெறுங்கால், மடியில் வெற்றிலைப் பை, வேறொன்றும் இல்லை. ராஜாவைச் சுட்டி இவர் எதற்கு என்று என்னைக் கேட்டாள். தூரத்தை அளக்கக் குப்பண்ணனுக்காகக் கூப்பிடப் போகிறவர் என்றேன். சற்று நேரம் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொரலு பெருசா இருந்தா சொனை அவுங்களுதாயிருமா சாமி? ஏழு ஊட்டுக்கு அதுதானுங்க தண்ணி. அது போச்சுன்னா ஒரு கொடத்துக்கு ஆத்து வரைக்கும் எறங்கி ஏறோணும். ஏறி வாரதுக்குள்ள அந்தக் கொடத்தை நாங்களே குடிச்சுப்போடுவமே!"

சாட்சிக்குக் கால் வலிப்பதில்லை

முதல் நாள் ஏற்றம். முதல் திருப்பத்திலேயே கமிஷனர், "இன்னும் எவ்வளவு தூரம்?" என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன், மேஜையைத் தலையில் வைத்திருந்த மலைக்காரக் காளியப்பன் முந்திக்கொண்டான்: "ஒரு கூப்புடு தூரந்தானுங்க." குப்பண்ணன் துள்ளிக் குதித்தார். "எழுதிக்கோங்க ஐயா! மலையில பொறந்தவன் சொல்றான், எழுதிக்கோங்க!" கமிஷனர் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். அப்போது மணி பத்து. அந்த ஒரு கூப்பிடு தூரத்தை நாங்கள் நடந்து முடித்தபோது மணி இரண்டரை. பாதை நீள நீளக் குப்பண்ணனின் கால்கள் தொய்ந்தன, முகம் மட்டும் மலர்ந்துகொண்டே வந்தது. நடக்கிற வழி நீளமாக இருக்கிறதே என்று மகிழ்ந்த ஒரே மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

காளியப்பனைக் கூப்பிட்டு விசாரித்தார் கமிஷனர். அவன் மேஜையை இறக்காமலே, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பார்த்து ஒரு கூவல் கொடுத்தான். எதிர்ச் சரிவிலிருந்து யாரோ பதிலுக்குக் கூவினார்கள். "சத்தம் பறந்து போகுதுங்க. நாமதான் எறங்கி ஏறுறமுங்க" என்றான். கமிஷனர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து, பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொல்ல, நான் எழுதினேன்:

"சாட்சி பொய் சொல்லவில்லை. சாட்சிக்குக் கால் வலிப்பதில்லை, அவ்வளவுதான்."

நடுநிலைச் சுண்ணாம்பு

இரண்டாம் நாள் மலைமுதுகில் சோலைக்குள் நடந்தோம். முந்தின நாள் பெய்த மழையில் அட்டைகள் சுறுசுறுப்பாக இருந்தன. கமிஷனரின் இரண்டு முழங்காலுக்குக் கீழேயும் நாலு நாலாகத் தொங்கின. சுண்ணாம்பு தடவினால் விழுந்துவிடும். குப்பண்ணன் பணிவோடு தம் சுண்ணாம்பு டப்பியை நீட்டினார். கமிஷனர் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டார். வழக்கில் ஒரு கட்சிக்காரரிடம் ஒரு பொருளைப் பெற்றுக்கொள்ளலாமா? அட்டைகள் குடித்துக்கொண்டிருக்க, அவர் நியாயம் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு தீர்ப்புக்கு வந்தார். இடது காலுக்கு வாதியின் சுண்ணாம்பு, வலது காலுக்குப் பிரதிவாதியின் சுண்ணாம்பு. அதன்படியே நல்லம்மாளும் மடியிலிருந்து டப்பியை எடுத்துக் கொடுத்தாள். எட்டு அட்டைகளும் பாரபட்சமில்லாமல் விழுந்தன. நல்லம்மாள் குனிந்து இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டுலயும் ரத்தம் ஒண்ணாத்தானுங்க சாமி வருது. தைரியமா எழுதிக்கோங்க."

கத்துவதும் கூப்பிடுவதும்

மூன்றாம் நாள் பிற்பகல் கழுகுப்பாறையை அடைந்தோம். கிழக்கே புல்மூடிய முதுகு நேராக ஓடியது. சுனையருகே நின்ற ஒற்றைப் பலாமரம் பாறையிலிருந்தே தெரிந்தது. கமிஷனர் தம் திட்டத்தைச் சொன்னார். ராஜா பாறைமேல் நின்று குரல் கொடுப்பார். அது எந்த இடம்வரை காதில் விழுகிறதோ அதுவே எல்லை. குப்பண்ணனுக்கு வெற்றிலை வாயோடு சிரிப்பு வந்துவிட்டது. பலாமரம் என்ன, அந்தக் குரல் பக்கத்துத் தாலுகாவையே அவருக்கு வாங்கித் தந்துவிடும்.

நல்லம்மாள் எழுந்து நின்றாள். "அது கத்துற தூரமுங்க சாமி. பத்திரத்துல கூப்புடு தூரமுன்னுதானே போட்டிருக்குது? ஒருத்தரைக் கூப்புட்டா அவுங்க ஏனுன்னு கேக்கோணும். அது கூப்புட்டவுங்க காதுல உழோணும். அப்பத்தானுங்க கூப்புட்டதாகும்." கமிஷனர் என்னைப் பார்த்தார். இலக்கணத்தில் இதற்கு விதி கிடையாது. ஆனால் எனக்கே இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. "பொருள் சரிதான் ஐயா" என்றேன். கூப்பிடுவது வாதியின் ஆள், பதில் சொல்வது பிரதிவாதி என்று முடிவாயிற்று. மெதுவாகப் பதில் சொல்லி ஏமாற்றிவிடுவாள் என்று குப்பண்ணன் ஆட்சேபித்தார். சரி, மனிதர் கூப்பிட்டால் எப்படிப் பதில் சொல்வாளோ அப்படியே சொல்லட்டும் என்றார் கமிஷனர். அதற்கு அவள் சொன்னது:

"ஆளைப் பொறுத்துங்க சாமி. மரியாதையாக் கூப்புட்டா மரியாதையாச் சொல்லுவேன்."

யாரங்கே

நாலாம் நாள் காலை. பாறைமேல் ராஜாவும் நானும் மட்டும். கமிஷனரும் நல்லம்மாளும் கிழக்கே நடப்பார்கள். அவள் பதில் சொல்கிறாளா என்று காவல் பார்க்கக் குப்பண்ணனும் அவர்களோடு போய்விட்டார். ஐம்பதடிக்கு ஒருமுறை நின்று கமிஷனர் குடையை விரிப்பார். ராஜா கூப்பிட வேண்டும். பதில் கூப்பிட்டவருக்குக் கேட்டால் நான் துண்டைத் தூக்க வேண்டும். எனக்கு இட்ட உத்தரவு அவ்வளவே.

முதல் குடை விரிந்தது. ராஜா கம்பளியைக் கழற்றி, மார்பை நிமிர்த்தி, "யாரங்கே!" என்றார். பள்ளத்தாக்குகள் இரண்டும் அதைத் திருப்பிச் சொல்லின. நல்லம்மாள் பதில் சொல்லவில்லை. தன் பேர் யாரங்கே இல்லை என்றாளாம். குப்பண்ணன் அங்கிருந்து ஓடிவந்து திருத்திச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓடினார். பிறகு "நல்லம்மா!" என்று முழக்கம் கிளம்பியது. பதில் வந்தது, ராஜா தலையசைத்தார், துண்டைத் தூக்கினேன். இப்படியே பலமுறை. பலாமரத்துக்கு முப்பதடி இப்பால் குடை விரிந்தபோது ராஜா கூப்பிட்டுவிட்டு, காதருகே கையை வைத்துக்கொண்டு நின்றார். "கேட்டதா?" என்று சைகை காட்டினேன். இல்லை என்றார். துண்டு கீழேயே இருந்தது. குப்பண்ணன் தூரத்தில் குதிப்பது தெரிந்தது. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவையும் இல்லை. கமிஷனர் குடையை மடக்கி, கடைசியாகப் பதில் கேட்ட இடத்தில் கல் நடச் சொன்னார். சுனை கல்லுக்கு அந்தப் பக்கம், ஏழு வீட்டின் பக்கம், நின்றது.

குப்பண்ணன் மூச்சிரைக்கப் பாறைக்கு வந்தார். "ஏனுங்க, நெசமாலுமே கேக்கலீங்களா?" ராஜா, "ஆ?" என்றார். குப்பண்ணன் மறுபடி கத்திக் கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. முகவீணைக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்திலேயே நின்று காலத்தைக் கழித்தவருக்குக் காதில் பாதிதான் மிச்சம். கோபிக்க வேண்டிய ராஜா கொஞ்சமும் கோபிக்கவில்லை. கம்பளியை நிதானமாகக் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

"இருவது வருசமா ராசா வேசமுங்க. கூப்புட்டுத்தானுங்க பழக்கம். பதிலு கேட்டுப் பழக்கமில்லீங்க."

அன்று நல்லம்மாள் சொன்ன "ஏனுங்க" மூன்று தடவையும், மூன்றாம் தடவை அதோடு சேர்த்து "இன்னும் எத்தனை வாட்டிங்க?" என்றதும் எனக்குத் தெளிவாகவே கேட்டது, என்னைத்தான் யாரும் கேட்கவில்லை, கேட்காதவர்களுக்கு வழி காட்டுவது எங்கள் தொழிலில் வழக்கமில்லை.