வைர முடிச்சைப் பிடிச்ச கை

வைரம் வைரம்னு வாயைப் பொளப்பாங்களே, அது எங்க ஏரியைத் தாண்டினதை நான் பார்த்திருக்கேன். கைக்கு அடங்கற ஒரு துணி முடிச்சு, அவ்ளோதான். அதுக்காக ஏரியையே மூடிட்டாங்க.

வடக்கே கோல்கொண்டா பக்கம் குழி தோண்டி எடுத்த கல்லு. ஒரு வியாபாரி அதை ஒல்லாந்துக்காரன் கோட்டைக்குப் படகுல கொண்டாரார். அவர் கரை சேர்ற வரைக்கும் குப்பத்து ஆளுங்க தண்ணில கால் வெக்கக் கூடாது, வெச்சா சவுக்கடினு முந்தின நாளே தண்டோரா போட்டாங்க.

அன்னிக்குத்தான் எங்க பாடு. எங்க ஏரில மொறை வெச்சுத்தான் வலை போடுவோம். இன்னிக்கு இன்னார் வூட்டுப் பாடுன்னா அந்த எடம் அவங்களுக்கு மட்டும்தான். நாளு தவறிச்சுன்னா தவறினதுதான், சாமியே வந்து கேட்டாலும் திருப்பித் தர மாட்டாங்க. என் வூட்டுக்காரர் ஜொரத்துல படுத்து ஒரு மாசம். புள்ளைங்க ரெண்டும் கஞ்சித்தண்ணியைக் குடிச்சு சுருண்டு கெடக்குதுங்க. என் தம்பி வலையோட கரையில நிக்கறான், எறா கண்ணெதிர்ல துள்ளுது.

படகு வந்துச்சு. கடல் உள்வாங்கி ஏரித் தண்ணி வத்தற நேரம். சரியா எங்க பாடு எடத்துலயே சேத்துல குந்திக்கிச்சு. கூட வந்த சிப்பாய்ங்க எறங்கி, முட்டி வரைக்கும் புதைஞ்சு, மறுபடி ஏறிக்கினாங்க. "வந்து தள்ளுங்கடா"னு ஒரே கூச்சல்.

"கால் வெச்சா சவுக்கடின்னீங்களே?"ன்னேன்.

"இந்தக் கல்லாலதான் ராஜ்யமே நடக்குது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை"ன்னார் வியாபாரி.

"நடக்கட்டுமே சாமி. அப்புறம் ஏன் சேத்துல குந்திக்கினு கீது?"

கரையே சிரிச்சுது. வெயில் ஏற ஏற அவர் குரல் எறங்கிச்சு. வலையோடதான் வருவோம், இல்லன்னா தண்ணி ஏறுற வரைக்கும் அங்கயே இருங்கன்னேன். சரின்னுட்டார். தம்பி படகைச் சுத்தியே வலையை எறக்கினான். ரெண்டு கூடை எறா ரொம்பினப்புறம்தான் தள்ளினாங்க.

பசி வந்தா பத்தும் பறக்கும். கரை ஏறினதும் வியாபாரி எங்க குடிசை வாசல்லயே உக்காந்துட்டார். அவிச்ச எறாவை எலையில வெச்சேன். ஒரு கையில முடிச்சு. கூட வந்த சிப்பாயை நம்பிக்கூட அதைக் கீழ வெக்கல. ஒத்தக் கையால உரிக்க வரல, ஓட்டோட கடிச்சுக் கடிச்சுத் துப்பறார். த்தூ, இதுவும் ஒரு பொழப்பா!

பக்கத்துல என் புள்ளைங்க ரெண்டு கையாலயும் உரிச்சுத் தின்னுதுங்க. சின்னவ அவரையே பார்த்துக்கினு இருந்தா. அப்புறம் ஒரு எறாவை உரிச்சு அவர் எலையில வெச்சா.

"பாவம்மா, அவருக்கு ஒரு கைதான் கீது"ன்னா.