மாமாவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தெரிவு செய்தது நான்தான்

எங்கள் குடும்பத்தில் வாத்தியம் என்று ஒன்றைக் கையால் தொட்டவர் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. கிழமை நாட்களில் கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் சாரி விரித்துக் காட்டுவார். சனி ஞாயிறு வந்தால் ஓர் இசைக்குழுவோடு சேர்ந்து கல்யாண வீடுகளில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். மஹய்யாவவில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவருக்குப் படுக்கை. கிட்டார் கட்டிலுக்கு மேலே மாமாவோடு படுத்துக்கொள்ளும். கட்டிலுக்குக் கீழே அவருடைய அம்ப் இருக்கும்.

கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற மெஷினும் அதை வெளியே விடுகிற ஸ்பீக்கரும் ஒரே மரப்பெட்டிக்குள் அடங்கியதுதான் அந்த அம்ப். முன்பக்கம் சாக்குத்துணி மாதிரி ஒன்று இழுத்து மூடியிருக்கும். பின்பக்கம் திறந்தே கிடக்கும். அந்த வழியாகப் பார்த்தால் உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சிவந்து எரிவது தெரியும். மாமா அதைத் துடைப்பதற்கென்றே ஒரு பழைய பனியனை வைத்திருந்தார். அந்தப் பனியனை அம்மா ஒரு தடவை அடுப்படிக்கு எடுத்துப் போய்விட்டாள் என்பதற்காக அன்று அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

இந்த அம்புக்கு ஒரு குறை இருந்தது. மண்டபத்துக்குள் வாசித்தால் நன்றாகக் கேட்கும். வெட்டவெளியில் வைத்தால் அதன் சத்தம் எங்கே போகிறதென்றே தெரியாது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு கல்யாணத்தில் டிரம்மும் டிரம்பெட்டும் போட்ட போட்டில் மாமாவின் கிட்டார் யாருக்கும் எட்டவேயில்லை. முன்வரிசைக் கதிரையில் இருந்த ஒரு பெரியவர், அந்தத் தம்பி வாசிக்கிற மாதிரி நடிக்கிறாரா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். மாமாவின் காதில் அது விழுந்துவிட்டது. குழுவின் தலைவர் டிரம் வாசிக்கிறவர். அப்பாவோடு ரயில்வேயில் வேலை பார்த்தவர். அடுத்த கல்யாணம் குண்டசாலையில், பெரிய தோட்டத்தில், திறந்த வெளியில் என்று அவர் சொன்னார். அதற்குள் மாமா ஒரு வழி பண்ணாவிட்டால் வேறு ஆளைக் கூப்பிட வேண்டிவரும் என்றும் சொன்னார்.

வழி இருக்கத்தான் செய்தது. அம்பின் பின்னால் ஒரு துளை உண்டு. தனியாக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கி, அதன் வயரை அந்தத் துளையில் செருகினால் ஒன்றுக்கு இரண்டாகச் சத்தம் வரும். ஆனால் எந்தப் பெட்டி என்பதில்தான் எல்லாம் இருந்தது.

அதே கிழமைதான் என் வகுப்பு டீச்சர் அம்மாவை ஸ்கூலுக்கு வரச்சொன்னார். நான் பாடத்தைக் கவனிப்பதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, இப்படியே போனால் இன்னுமொரு வருஷம் அதே வகுப்பில் இருக்க வேண்டியதுதான் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டிலும் என்னைப் பற்றி அதே முறைப்பாடுதான். திமிர் பிடித்தவள் என்பது அப்பாவின் கட்சி. கனவு காண்கிற பிள்ளை என்பது அம்மாவின் கட்சி. எனக்கோ யார் எப்போது கூப்பிட்டார்கள் என்பதே தெரியாது. எல்லோரும் திடீர் திடீரென்று கோபப்படுகிறவர்கள் என்று மட்டும் தெரியும்.

வீட்டில் நிலைமை இப்படி இருந்ததால், சனிக்கிழமை மாமா பெட்டி பார்க்கக் கிளம்பியபோது என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அம்மா அனுப்பினாள். அம்ப்பையும் எடுத்துப் போனோம். பஸ்ஸில் அதைக் கீழே வைத்துவிட்டு மாமா என்னை அதன்மேல் உட்காரவைத்தார். கண்டக்டர் அதைக் கதிரை என்றே நினைத்திருக்க வேண்டும். அதற்கு டிக்கட் கேட்கவில்லை.

மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்டத்தில் ஒரு ரேடியோக்கடை. வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத்தொடங்கியிருந்த காலம் அது. புதுசும் பழசுமாகக் கடையில் நிற்க இடமிருக்காது. கடைக்காரர் முஸ்லிம்; அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் அவரை நானா என்பார்கள். மாமாவும் அப்படித்தான் கூப்பிட்டார். அவர் பெட்டிகளைக் காட்டக் காட்ட, மாமா ஒவ்வொன்றின் பின்னாலும் குனிந்து பார்த்து, இது எத்தனை ஓம், இது எத்தனை ஓம் என்று கேட்டுக்கொண்டே போனார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். எங்கள் பக்கத்து வீட்டில் இருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதற்கு ஓம் ஓம் என்பார். அவரிடம் கற்றுக்கொண்டு வந்ததைத்தான் மாமா இங்கே சொல்கிறார் என்று நினைத்தேன். ஓம் என்பது ஸ்பீக்கரின் ஒரு கணக்கு என்றும், அம்புக்கும் பெட்டிக்கும் அது பொருந்தாவிட்டால் அம்ப் சூடேறிக் கருகிவிடும் என்றும் மாமா விளக்கினார். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்ப்பது போலத்தான் என்றார் நானா. இது எனக்குப் புரிந்தது.

முதலில் பார்த்தது நான்கு ஸ்பீக்கர் வைத்த ஒரு பெரிய பெட்டி. மாமா ஒரு தந்தியைத் தட்டினார். கடையின் கண்ணாடி அலுமாரி கிடுகிடுவென்று ஆடியது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் நானா தலையை ஆட்டிவிட்டார். அதன் ஓம் இந்த அம்புக்குச் சரிவராதாம். அது மட்டுமல்ல, எங்கள் வீட்டுக்கு ஏறிப்போகிற படிகளில் அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.

கடைசியில் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. இரண்டிலும் அம்ப்பில் இருந்த அதே அளவு ஸ்பீக்கர், ஒவ்வொன்று. ஒன்றின் பின்பக்கம் பலகை அடித்து இறுக மூடியிருந்தது. மற்றது அம்ப் போலவே பின்னால் திறந்திருந்தது. மூடியதில் சத்தம் கனமாக நேரே முன்னால் போகும், திறந்ததில் நாலு பக்கமும் பரவும் என்றார் நானா. அந்த நெருக்கடிக் கடைக்குள் மாமாவுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டன. வாசித்தார், யோசித்தார், நகத்தைக் கடித்தார்.

"ரெண்டையும் கொண்டுபோய் வெளியில வச்சுப் பாருங்க. ஒண்ட எடுத்துட்டு மத்தத திங்கக்கிழமை கொண்டாங்க. கடைக்குள்ள வச்சுக் கேட்டா எல்லாப் பெட்டியும் நல்லாத்தான் ஈக்கும்," என்றார் நானா.

அடுத்த நாள் பின்னேரம் எங்கள் வீடுகளுக்கு முன்னால் இருந்த வெளியில் திருவிழா போலக் கூட்டம். தண்ணீர்க் குழாயடியில் வாளியோடு நின்ற பெண்கள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். மாஸ்டர் தன் சாய்மனைக் கதிரையையே வெளியே தூக்கிவந்தார். டிரம்காரரும் வந்திருந்தார். மாமா நடுவில் அம்ப்பை வைத்து, அதற்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டியும் அந்தப் பக்கம் ஒரு பெட்டியுமாகத் தள்ளித் தள்ளி வைத்தார். அவர் வாசிக்க வாசிக்க, டிரம்காரர் வயரை மாற்றி மாற்றிச் செருகுவார். கேட்கிறவர் தூரத்தில் போய், பெட்டிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்க வேண்டும். எந்தப் பெட்டி என்று பார்த்துவிட்டால் கண் சொல்வதைக் காது கேட்டுவிடும் என்பது மாமாவின் கொள்கை.

அப்பா போய் நின்றார். இடது பக்கத்துப் பெட்டி தெளிவு என்றார். மாஸ்டர் உட்கார்ந்தபடியே கேட்டுவிட்டு, வலது பக்கம்தான் திறம், ஆனால் இடதும் பிழையில்லை என்று பொதுவாகச் சொன்னார். பிள்ளைகள் எல்லாம் முண்டியடித்தார்கள். என் முறை வந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றேன். கிட்டார் ஒலித்தது. எந்தப் பக்கம் கேட்கிறது என்று மாமா கேட்டார். சோத்துக்கைப் பக்கம் என்றேன். மறுபடி ஒலித்தது. சோத்துக்கைப் பக்கம். இன்னொரு தடவை. சோத்துக்கைப் பக்கம்தான்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். இத்தனை பேர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பெட்டிகளை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நான் மாறவில்லை. வேண்டுமென்றே சொல்கிறாள், உதைத்தால் சரியாகச் சொல்வாள் என்று அப்பா எழுந்தார்.

மாமா கையைக் காட்டி அப்பாவை உட்காரச் சொன்னார். டிரம்காரரிடம் ஏதோ ஜாடை செய்தார். இடது பக்கத்துப் பெட்டி மட்டும், பிறகும் இடது பக்கத்துப் பெட்டி மட்டும் ஒலித்தது என்று பிற்காலத்தில் சொன்னார்கள். நான் அப்போதும் சோத்துக்கையைத்தான் தூக்கினேன்.

மாமா கிட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்தார். முழங்காலில் உட்கார்ந்தார். என் வலது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, இடது காதுக்குள் வாயை வைத்தார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. நெளிந்தேன்.

கையை எடுத்துவிட்டு, "நான் இப்ப என்னா சொன்னேன்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலியே. காதுல ஊதுனீங்க."

கூட்டம் அதற்கும் சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. அம்மா குழாயடியில் இருந்து எழுந்து வந்தாள். அவளும் அதே மாதிரி ஒரு தடவை என் காதுக்குள் ஊதிப் பார்த்தாள். பிறகு என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மூச்சு முட்டியது. விளையாட்டு முடிந்துவிட்டதே என்ற கவலை வேறு.

விளையாட்டை முடிய விடாதவர் மாமாதான். அவர் என்னை அலாக்காகத் தூக்கிக்கொண்டு பெட்டிகளிடம் போனார்.

"எல்லாரும் சொல்லிட்டாங்க. இப்ப நீ சொல்லு குட்டி. எது வேணும் நமக்கு?"

பக்கம் கேட்கவில்லை, பெட்டியைக் கேட்டார். நான் முறைப்படி ஆராய்ந்தேன். திறந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாமாவை வாசிக்கச் சொன்னேன். பின்பு மூடிய பெட்டியைக் கட்டிப்பிடித்தேன். மாமா தடித்த தந்தியைத் தட்டியதும் அந்தப் பெட்டி என் நெஞ்சுக்குள் புகுந்து வயிறு வரைக்கும் இறங்கியது. பல்லெல்லாம் கூசியது. இதுதான் என்றேன். டிரம்காரருக்குத் திறந்த பெட்டிதான் பிடித்திருந்தது. மாமா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை மற்றப் பெட்டி கடைக்குத் திரும்பிப் போனது. அம்பின் பின்பக்கம் திறந்திருப்பதால் பரவுகிற வேலையை அது பார்த்துக்கொள்ளும், முன்னால் தள்ளுகிற வேலையை இது பார்க்கும், நல்ல பொருத்தம் என்று நானாவும் சொன்னாராம். பிள்ளை கெட்டிக்காரி என்றும் சொன்னாராம்.

குண்டசாலைக் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். பாக்கு மரங்களுக்கு நடுவே பந்தல். மாமா அம்ப்பை ஒரு மூலையிலும் என் பெட்டியை மறு மூலையிலும் வைத்தார். முதல் பாட்டிலேயே கடைசி மதில் வரைக்கும் கிட்டார் போய்விட்டது. மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆட்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் பிரியாணி கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு வெளியே வந்து இரண்டு சுற்று ஆடிவிட்டு, அடிப்பிடிக்கும் என்று யாரோ கத்திய பிறகுதான் திரும்பிப் போனார். மாப்பிள்ளையின் தாத்தா கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார். டிரம்காரர் பாட்டுக்கு நடுவே குச்சியால் என்னைச் சுட்டிக்காட்டி, இவள்தான் பெட்டி தெரிவு செய்தவள் என்று மைக்கிலேயே சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பாவும் தட்டினார். பின்பு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஒருபோதும் ஆடாத மனிதர், ஆடினார்.

அதன் பிறகு பல மரியாதைகள் எனக்குக் கிடைத்தன. அம்மாவும் மாமாவும் என்னைக் கண்டி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு டாக்டர் இரும்புக் கவை ஒன்றைத் தட்டி, என் காதோரம் பிடித்து, நெற்றியில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று மாமாவைப் போலவே கேட்டார். இவரும் ஏதோ குழுவில் வாசிக்கிறவர், பெட்டி வாங்க என்னிடம் யோசனை கேட்கிறார் என்று நினைத்து மிகவும் பொறுமையாகப் பதில் சொன்னேன். வெளியே வந்ததும் அம்மா எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்றும், ஒன்றும் செய்ய முடியாது, மற்றக் காது நன்றாக இருக்கிறது என்றும் அவள் மாமாவிடம் சொல்லிக்கொண்டு வந்ததை நான் ஐஸ்கிரீம் சாப்பிட்டபடி கேட்டேன். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

ஸ்கூலில் டீச்சர் என்னைப் பின்வரிசையில் இருந்து எழுப்பி முன்வரிசையின் இடது கோடியில் உட்காரவைத்தார். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது கிட்ட வந்து தோளைத் தொட்டார். அப்பா முற்றத்தில் நின்று கத்துவதை விட்டுவிட்டு, நான் இருக்கிற இடத்துக்கு வந்து பேசினார். டவுனுக்குப் போகும்போது அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு வந்து எப்போதும் வலது கைப்பக்கமாகவே நடந்தாள். மாஸ்டர்கூட எங்கள் வீட்டுக்கு வந்தால் கதிரையைத் தூக்கிக்கொண்டு என் வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தார்.

இவ்வளவும் எதற்காக என்று எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. நல்ல பெட்டியைத் தெரிவு செய்து கொடுத்த ஒருத்திக்கு, ஊர் இந்த மரியாதையாவது செய்யத்தானே வேண்டும்.