‘வாறன்’ வழக்கு

போன கிழமை கனடாவிலிருந்து ஒரு பெடியன் என் கைத்தொலைபேசிக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தான். பெடியன் என்றால் முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் அப்புக்காத்தரின் தமையனுடைய பேரன். அப்புக்காத்தரின் ஆட்டைத் திவசம் வருகிறதாம், நினைவு மலர் போடுகிறார்களாம், அவரிடம் பதினொரு வருடம் தட்டெழுத்தும் மொழிபெயர்ப்பும் செய்த நான் கட்டாயம் எழுதவேண்டுமாம். படிவத்தின் தலையில் “தொழில் சட்டத்திலும் வரிச் சட்டத்திலும் முன்னணி வகித்த பாரிஸ்டர்” என்று பொன்னிற எழுத்தில் போட்டிருந்தது. அதன் கீழே ஐந்து பெட்டிகள். பெட்டிக்கு ஒரு மறக்கமுடியாத வெற்றி எழுதவேண்டும். நாற்பது சொல்லுக்கு மேலே போனால் பெட்டி சிவந்துபோய் மேற்கொண்டு எழுத விடாது. எனக்கு வந்த எரிச்சலைக் கேட்காதீர்கள். அந்த மனுஷன் ஒருவருக்கு வணக்கம் சொல்லி முடிக்கவே நாற்பது சொல் போதாது.

இருந்தாலும் முக்கி முனகி நாலு பெட்டியை நிரப்பினேன். ஐந்தாவது பெட்டிக்கு மனதில் வந்து நின்றது வெற்றியல்ல, ஒரு தோல்வி. யோகம் என்ற பெண்ணின் வேலை போன வழக்கு அது. தோற்றது என்னால். அப்புக்காத்தர் உயிரோடிருந்த காலம் முழுக்க அதை அவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த வெறும் பெட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கி ஊற்றிக் கருகிவிட்டது. அதற்கும் கனடாப் பெடியனைத்தான் திட்டினேன்.

பால் கருகிய மணத்தோடு எப்படியோ கருவாட்டு மணமும் கூட வந்தது. நான் வேலை செய்த அப்புக்காத்தரின் கந்தோர் எப்போதும் கருவாடு மணக்கும். முட்டைகூடத் தொடாத சைவக்காரரின் கந்தோர் கருவாடு மணந்ததற்குக் காரணம் வருமான வரி. மீன் வியாபாரிகள், மரம் அரிந்து விற்கிற மரக்காலைக்காரர், புடைவைக் கடைக்காரர் எல்லோரும் வருடம் முழுக்கச் சேர்த்த பற்றுச்சீட்டுகளைப் பிஸ்கட் தகரத்திலும் சொப்பின் பையிலும் கொண்டுவந்து மேசையில் கவிழ்ப்பார்கள். அதைப் பிரித்து அடுக்குவது நான். வீட்டுக்குப் போனால் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, “நீ அப்புக்காத்தரிட்டை வேலை செய்யிறியோ, கருவாட்டுக் கடையிலையோ?” என்று கேட்பா.

ஒரு மரக்காலைக்காரரின் செலவுத் துண்டில் “காவலாளி ஜிம்மி” என்று எழுதியிருந்தது. அப்புக்காத்தர் மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

“ஆர் இந்த ஜிம்மி?”

“ராவிலை காவலுக்கு நிக்கிறவர், சேர்.”

“முழுப் பேர்?”

மரக்காலைக்காரர் முகட்டைப் பார்த்தார்.

“ஜிம்மிக்குச் சேமலாப நிதி கட்டினனீரோ? லீவு குடுத்தனீரோ? நாளைக்கு ஜிம்மி என்னட்டை வந்து, முதலாளி என்னை அடிச்சுக் கலைச்சுப்போட்டார் எண்டு வாலை ஆட்டினால், நான் ஜிம்மிக்குத்தான் பேசுவன். எடும் உந்தத் தகரத்தை!”

அவருடைய தொழிலின் முழு இலட்சணமும் இதற்குள் இருக்கிறது. காலையில் தொழில் நியாயசபையில் முதலாளிமாரை நிற்கவைத்துக் கிழிப்பார். பின்னேரம் அதே முதலாளிமார் வரித் தகரங்களோடு வந்து வாசல் வாங்கில் குந்தியிருப்பார்கள். பக்கத்தில் அவர்கள் வேலையால் நிறுத்திய தொழிலாளர்களும் இருப்பார்கள். இரண்டு பகுதியும் ஒருவரையொருவர் பாராமல் ஒரே வாங்கில் இருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அவர் என்னை ஏசுவார்.

லண்டனுக்குப் போய்ப் பாரிஸ்டராகி வந்த மனுஷன். சட்டம் பெயரை மாற்றி எல்லோரையும் சட்டத்தரணி ஆக்கிய பிறகும் ஊருக்கு அவர் அப்புக்காத்தர்தான். யாழ்ப்பாணத்தில் அப்புக்காத்து என்றால் காணி வழக்குப் பேசவேண்டும். வேலி, ஒழுங்கை, கிணற்றுப் பங்கு என்று பரம்பரைக்கும் சாப்பாடு போடும் வழக்குகள் அவை. இவருக்கு வேலி என்றாலே கொட்டாவி வரும். “வேலி இண்டைக்கு இஞ்சை நிக்கும், நாளைக்கு அங்கை நிக்கும். வேலை போன ஆள் எங்கை போய் நிக்கிறது?” என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மாத முடிவில் கந்தோருக்கு வாடகை கேட்டு ஆள் வரும்போது அந்தக் கதையைச் சொல்லிச் சமாளிப்பது நான்.

அவரோடு வேலை செய்வது என்றால் சும்மா இல்லை. ஊரெல்லாம் கம்பியூட்டர் வந்த பிறகும் என்னைப் பழைய டைப்ரைட்டரில் கட்டிப் போட்டிருந்தார். “திருத்திறது சுகமெண்டால் ஆக்கள் யோசிக்கமாட்டினம்” என்பது அவருடைய நியாயம். ஒரு கமாவுக்காக ஆறு பக்கம் திரும்ப அடித்திருக்கிறேன். மூன்று முறை வேலை விலகல் கடிதம் எழுதி மேசையில் வைத்தேன். மூன்று முறையும் சிவப்புப் பேனையால் பிழை திருத்தித் திருப்பித் தந்தார். “தொழில் சட்டக்காரனிட்டை ஆறு வருசம் இருந்தும் உமக்கு வேலையை விடத் தெரியேல்லை. போய் ஒழுங்கா எழுதிக்கொண்டு வாரும்” என்றார். ஒழுங்காக எழுதி முடியும்வரை நில்லாமல் கோபம் போய்விடும், அதுதான் சிக்கல்.

அந்தக் காலத்தில்தான் யோகம் அக்கா வந்தார். கரவெட்டிக்காரி. ஒரு சோடாக் கொம்பனியில் பத்தொன்பது வருடம் வேலை. கழுவிய போத்தல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து, தூசி துணிக்கை இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலை. ஒருநாள் கடையிலிருந்து ஒரு போத்தல் பூச்சியோடு திரும்பி வந்தது. முதலாளி எல்லோருக்கும் முன்னால் அவரைக் குருடி என்று ஏசிவிட்டார். யோகம் அக்கா கையிலிருந்த போத்தலைக் கவனமாக வைத்துவிட்டு, “நான் வாறன்” என்று சொல்லிப்போட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வழக்கம்போல் வந்தால் படலை திறபடவில்லை. நீயாகத்தானே வேலையை விட்டுப் போனாய் என்றார்கள்.

முதலாளி அப்புக்காத்தரின் வரிக் கட்சிக்காரர். யோகம் அக்கா வந்த அன்றே அப்புக்காத்தர் முதலாளியின் பிஸ்கட் தகரத்தைத் தூக்கி என் கையில் தந்து, “கொண்டுபோய்க் குடுத்திட்டு வாரும். இனி உவற்றை வரி எனக்கு வேண்டாம்” என்றார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்து முதலாளியிடம் ஏச்சு வாங்கியதும் நான்தான். இந்த விஷயம் அப்புக்காத்தர், முதலாளி, நான் என்று மூவருக்கு மட்டும் தெரியும். பிறகு அதுவே வினையாகப் போய்விட்டது.

நியாயசபையில் வழக்கு ஒரு சொல்லில் நின்றது. யோகம் அக்கா தன் வாயாலேயே போகிறேன் என்று சொன்னார் என்பது முதலாளியின் கட்சி. அப்புக்காத்தர் முதலாளியைக் குறுக்கு விசாரணை செய்ய எழும்பினார்.

“இண்டைக்குக் காலமை வீட்டாலை வெளிக்கிடேக்கை மனுசிக்கு என்ன சொன்னனீங்கள்?”

“வாறன் எண்டு சொன்னனான்.”

“அப்ப மனுசியை விட்டிட்டோ வந்தனீங்கள்?”

சபை முழுக்கச் சிரித்தது. சபைத் தலைவர் கைலேஞ்சியால் வாயைத் துடைப்பதுபோல் மறைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் வெளிக்கிடுகிற எவர்தான் “போறன்” என்று சொல்கிறார்? அது வாயில் எடுக்கக்கூடாத சொல். வாறன் என்றுவிட்டுத்தான் போவோம், திரும்பியும் வருவோம். யோகம் அக்காவை வேலைக்குத் திரும்ப எடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. தனக்குக் காசு வேண்டாம், அந்த வெளிச்சத்துக்கு முன்னால் இருந்த கதிரைதான் வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார். குருடி என்று சொன்னவன் முன்னால் போய் இருந்து போத்தல் பார்க்கவேண்டும் என்பது அவருடைய வைராக்கியம்.

முதலாளி கொழும்புக்கு மேன்முறையீடு செய்தார். வழக்கேடு முழுவதையும் இங்கிலீசில் ஆக்கவேண்டும். இரண்டு பகுதியும் ஒரே மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொள்வது என்று முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். நான் மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீசுக்காரி அல்லவா? பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வகுப்பை விட்டு வெளியே போகும்போது, “ஐ வில் கோ அண்ட் கம்” என்று சொல்லிவிட்டேன். ரீச்சர் பிடித்து நிறுத்தி, “அது யாழ்ப்பாண இங்கிலீசு, வெட்கமில்லையோ?” என்று கேட்டு ஐம்பது தரம் சரியானதை எழுதவைத்தா. அந்த வெட்கம் எனக்கு எலும்புக்குள் இறங்கியிருந்தது. கொழும்பு நீதிபதிமார் வாசிக்கப் போகிற ஏட்டில் நான் யாழ்ப்பாண இங்கிலீசு எழுதுவேனா? “நான் வாறன்” வந்த இடமெல்லாம் அழகாக, இலக்கணமாக, “ஐ ஆம் லீவிங்” என்று அடித்தேன். விட்டுப் போகிறேன் என்று. முதலாளி அதைத்தானே முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்! என் மரமண்டைக்கு அது ஏறவில்லை.

கமாவைக்கூட விடாத மனுஷன் அதை வாசித்திருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பார். ஆனால் அந்தக் கிழமை வரிப் படிவங்கள் கொடுக்கவேண்டிய கடைசிக் கிழமை. மேசையில் தகரங்கள் மலையாகக் கிடந்தன. நான் கொண்டுபோய் நீட்டியபோது தலையை நிமிர்த்தாமல், “உம்மடை இங்கிலீசை நான் பாக்கத் தேவையில்லை, பிள்ளை” என்றார். பதினொரு வருடத்தில் அவர் என்னை நம்பிச் சொன்ன ஒரே சொல் அது. அதையும் அந்த நேரம் பார்த்தா சொல்லவேண்டும்?

கொழும்பில் என்ன நடந்தது என்பதைக் கூடப்போன கனிஷ்ட சட்டத்தரணி பிறகு சொன்னார். சபை சிரித்த அந்தக் கேள்வியும் பதிலும் என் இங்கிலீசில் வேறு கதையாகிவிட்டிருந்தது. மனைவியிடம் உன்னை விட்டுப் போகிறேன் என்று சொன்னதாக முதலாளி சாட்சி சொல்கிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இந்த மனிதரின் குடும்பப் பிரச்சினை இங்கே எதற்கு?” என்று கேட்டாராம். அப்புக்காத்தர் ஒரு மணித்தியாலம் நின்று வாறன் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். மற்றப் பகுதிக்காரர் எழும்பி, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட மொழிபெயர்ப்பு, செய்ததும் உங்கள் கந்தோர்தானே என்று ஒரு வசனம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். யோகம் அக்காவின் வேலை அத்தோடு போனது.

அப்புக்காத்தர் திரும்பி வந்த அன்று நான் ஏச்சுக்குத் தயாராகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் கோட்டைக் கழற்றிக் கொழுவினார்.

“பிழை என்ரை. நான் வாசிச்சுப் பாக்கேல்லை. உதை ஒருத்தருக்கும் கதைக்காதையும்.”

“சேர், நான்தானே...”

“அடுத்த தகரத்தை எடும்.”

கமாவுக்கு வீட்டுக் கூரை பறக்கக் கத்தியவர், ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்ததற்கு ஒரு சொல் ஏசவில்லை. இன்றைக்கும் எனக்கு அவர்மேல் ஆத்திரம் இதில்தான். அன்று ஏசியிருந்தால் நான் அழுதுவிட்டு ஓடிப்போய் யோகம் அக்காவின் காலில் விழுந்திருப்பேன். அவர் சொன்ன எத்தனையோ விஷயத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருத்தருக்கும் சொல்லாதே என்றதை மட்டும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். கேட்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? முதலாளியின் வரி பார்க்கிறவர்தானே, காசை வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று கதை பரவியது. தகரத்தைத் திருப்பிக் கொடுத்தது யாருக்குத் தெரியும்? யோகம் அக்காவும் அதையே நம்பினார். கந்தோர் வாசலில் நின்று மண் அள்ளித் தூற்றிவிட்டுப் போனார். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கில் தொழிலாளரின் பக்கம் வெறுமையானது. நான் வேலையை விட்ட வருடத்தில் தகரக்காரர் மட்டும்தான் வந்துகொண்டிருந்தார்கள். பிழை மொழிபெயர்ப்பில்தான் என்று அவர் வெளியே போய்க் கத்தியிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். என்னைக் காட்டவேண்டி வரும் என்று அவர் கத்தவில்லை. நான் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது சோடாக் கொம்பனி கல்யாண மண்டபமாகிவிட்டது. கந்தோர் இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்த வாங்கு எங்கே போனதென்று கேட்டேன், கடைக்காரப் பெடியன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். தொழில் சட்டத்தில் முன்னணி என்று பொன் எழுத்தில் போடுகிறார்கள், அந்தத் தொழிலாளர்களில் எவராவது மலரை வாங்கி வாசிக்கப்போகிறாரா?

ஐந்தாவது பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை கரவெட்டிக்குப் பஸ் ஏறினேன். யோகம் அக்கா மகள் வீட்டில் இருந்தார். தலை நன்றாக நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டு, தேத்தண்ணி போடச் சொன்னார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. தகரத்தைத் திருப்பிக் கொடுத்தது, ரீச்சர், ஐ ஆம் லீவிங், பிழை என்ரை என்று அவர் சொன்னது எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தார்.

“ஏசுங்கோ அக்கா” என்றேன்.

“ஏசிறதெல்லாம் அந்த மனுசனை ஏசி முடிச்சிட்டன், தங்கச்சி. செத்தவீட்டுக்கும் போகேல்லை. என்னை எங்கை கண்டாலும் சைக்கிளாலை இறங்கி நிண்டவர். காசு வாங்கின குற்றம் குத்துது எண்டு நினைச்சு நான் மற்றப் பக்கம் பாத்துக்கொண்டு போயிடுவன். நானும் ஒருநாள் எண்டாலும் நிண்டிருக்கலாம்.”