நிழல் ஓடிப்போன ராஜா

சினிமாத் தொழிலில் கதை எழுதுவது சுலபம். எழுதியவள் நான்தான் என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். அநியாயத்துக்கு ஆளானவள் நான். கதை என்னுடையது, இங்கே நில், அங்கே விழு என்று ஒவ்வொரு காட்சியையும் சொல்லிக்கொடுத்தவள் நான். பெயர் மட்டும் இன்னொருவருடையது. உழைத்த இடத்தில் பெயர் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, இது உங்களுக்காகத்தான்.

பெயர் அட்டை

விடுமுறைக்கு விழுப்புரம் வந்த மாணவர்கள் நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த பேசாப் படம் அது. போரில் தோற்ற ராஜாவோடு ஊர் திரும்ப வெட்கப்பட்டு, அவன் நிழல் ஓடிவிடுகிறது. கடைசியில் திரும்பி வருகிறது. கேமரா, எங்களில் ஒருவரான தயாளனின் மாமாவுடையது. அந்த உரிமையில் தயாளனே அட்டை எழுதி, அதைப் படமும் பிடித்துவிட்டார்: "கதை, டைரக்‌ஷன்: தயாளன். தையல்: செல்வி கஸ்தூரி." ராஜாவின் அங்கியைத் தைத்தது நான்தான். அதற்காக?

சண்டை போட்டு வீட்டுக்குத் தூக்கி வந்த அந்த அட்டையை அப்பா படித்துவிட்டார். எம்.ஏ. சேர அவரிடம் நான் அனுமதி கேட்டிருந்த நேரம். "துணி தைக்க எதுக்கும்மா எம்.ஏ.? வூட்லயே மிசின் கீதே."

தோற்க மறுத்தவர்

ராஜா வேஷம் முனுசாமி. அவருடைய ஊரான கண்டாச்சிபுரத்திலேயே, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிய கொல்லைதான் போர்க்களம். ராஜா மண்டியிட்டுக் கத்தியைக் கீழே போட வேண்டும். முனுசாமி போடமாட்டேன் என்றார். உறவுக்காரர்கள் எல்லாரும் வரப்பில் நிற்கிறார்களாம், மானம் போய்விடுமாம்.

"கதையில்தானே தோற்கிறீர்கள்?" என்று அரைமணி நேரம் வாதாடினேன். "அது கதைன்னு அவங்களுக்கு யாருங்க சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி, அதனால்தான் எரிச்சல் வந்தது. கடைசியில் வரப்பிலிருந்து அவர் மச்சானே கத்தினார்: "ஜல்தியா தோத்துட்டு வா மாமா, கொல்லைய உழணும்!"

கட்டாத நூல்

படம் பிடித்து முடிந்த சுருளுக்குச் சிவப்பு நூல் கட்டுவது எங்கள் வழக்கம். நூல் இல்லாவிட்டால் புதுச் சுருள். போர்க்களக் காட்சி முடிந்து தயாளன் நூலை எடுத்தபோது, நான் அட்டைச் சண்டையை மறுபடி ஆரம்பித்தேன். பேச்சு முற்றியதில் நூல் மறந்தே போயிற்று. மறுநாள், ராஜா ஊர் திரும்பும் காட்சியை அதே சுருளின் மேல் பிடித்துவிட்டார்.

மெட்ராஸில் கழுவி வந்ததைச் சுவரில் போட்டுப் பார்த்தோம். ராஜா தெருவில் நடக்கிறார். அதே தெருவில் அவரே மண்டியிட்டும் கிடக்கிறார். ஓடுகிற நிழல் அவர் மார்புக்குள் புகுந்து போகிறது! தயாளன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு அழுகை. பாதித் தப்பு என் வாயுடையது அல்லவா? கறுப்பு உடையில் நிழலாக நடித்த என் சிநேகிதி ஆரோக்கியமேரி மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாள். "அழுவாதடி! தோத்தவன் வூட்டுக்குப் போனா இப்பிடித்தான்டி இருக்கும்."

ஒரு கேள்வி

அந்தச் சுருளை அப்படியே வைத்துக்கொண்டு, படத்தைத் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் திரையிட்டோம். அப்பா கடைசி பெஞ்சில் இருந்தார். கைதட்டல் ஓய்ந்ததும், தலைமை தாங்கிய பாதிரியார் டைரக்டரை எழுந்திருக்கச் சொன்னார்: "ஓடிப்போன நிழல் ஏம்பா திரும்பி வந்தது?"

கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தால் தயாளன் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இதற்குக் காதுதான் சிவந்தது. பிறகு, "தெரியாதுங்க ஃபாதர். கதையும் டைரக்‌ஷனும் கஸ்தூரிங்க. அட்டையில நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றார்.

அப்பாடா! இவ்வளவு கௌரவமாகத் தோற்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? ஹாலே என் பக்கம் திரும்பியது. தயாராக வைத்திருந்த நீண்ட வாதமெல்லாம் மறந்துபோய், ஒரு வரிதான் வந்தது: "தோத்தவன் மேலயும் வெயில் அடிக்குதுங்களே, ஃபாதர்."

விடுமுறை பூராவும் வாதாடியும் வராத பதில், விழுப்புரம் பஸ்ஸில் நான் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தபோது அப்பாவிடமிருந்து வந்தது: "எம்.ஏ.வுக்கு எப்பம்மா ஃபாரம் குடுப்பாங்க?"