எக்ஸ்ரேக்குப் படுத்த கிடா

எங்க வீட்டுக்காரரு நுவரெலியாவுல ஒரு வெள்ளைக்கார மாட்டு டாக்டர்கிட்ட கம்பவுண்டரா இருந்தாரு. மாட்டு டாக்டர்ன்னு பேருதானே தவிர, அந்தத் தொரை மாட்டைத் தொட்டதைவிட மத்த தொரைமாரோட நாயையும் ரேஸ் குதிரையையும் தொட்டதுதான் அதிகம். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து முப்பதுகள்ல நடந்த கதை இது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால இருந்த ரெண்டு ரூம்ல நானும் அவரும் என் கிடாவும் குடியிருந்தோம். ஆமா, கிடாவையும் சேர்த்துத்தான் சொல்றேன். தாய் செத்துப்போன குட்டியை ராகலையிலேருந்து மடியில வச்சு பஸ்ல கொண்டாந்து, புட்டிப்பால் குடுத்து வளர்த்தவ நான். தொரைக்கு அதைக் கண்டாலே ஆகாது. அவரோட டேலியாப் பூவெல்லாம் தின்னுட்டு அவரு மூஞ்சிக்கு நேரா ஏப்பம் விடும்.

அந்த வருஷம் தொரைக்கு எக்ஸ்ரே மெசின் ஆசை வந்துருச்சு. ஆகஸ்ட் ரேசுக்குக் குதிரைங்க வந்து எறங்குறதுக்குள்ள வாங்கிப்புடணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. கொழும்புலேருந்து ரெண்டு கம்பெனி ஆளுங்க ஒரே நாள்ல வந்தாங்க. ஒருத்தரு லாரியில கொண்டாந்தது பெரிய மெசின். பாகத்தையெல்லாம் பூட்டி நிமித்துனா கூரையை இடிச்சுக்கிட்டு நின்னுச்சு. இன்னொருத்தரு கொண்டாந்தது டிரங்குப் பெட்டியளவு சின்ன மெசின். ரெண்டையும் ஓட்டிப் பார்த்துட்டு ஒண்ணை எடுக்குறேன்னு தொரை சொல்லிட்டாரு. படம் கழுவ இருட்டு ரூம் வேணும்னு என் சாமான் ரூமைப் புடுங்கிக்கிட்டாங்க. என் அரிசி மூட்டை மேல மருந்துத் தண்ணித் தட்டு! எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல.

அன்னைக்குன்னு பார்த்து ஆடிப் பதினெட்டு, தாலிக்கயிறு மாத்துற நாளு. புதுக் கயித்துல ஒரு மஞ்சத்துண்டைக் கோர்த்துக் கழுத்துல கட்டிக்கிட்டு, அப்புறம்தான் பழசைக் கழட்டணும். பொட்டுத்தாலியைக் கழுவி, வாழையிலையில சக்கரைப் பொங்கல் வச்சு, அது மேல தாலியையும் வச்சுக் கும்பிடுறது எங்க வழக்கம். அந்தக் குளிருல வாழையிலை கெடைக்கிறதே பெரும்பாடு. வாசல்ல எல்லாத்தையும் பரப்பிட்டு, கற்பூரம் எடுக்க உள்ள போனேன். திரும்பி வந்தா பொங்கலும் இல்ல, தாலியும் இல்ல. என் கிடா மட்டும் வாழையிலையோட கடைசித் துண்டை மென்னுக்கிட்டு நிக்குது.

நான் போட்ட கூச்சல்ல எங்க வீட்டுக்காரரு ஓடியாந்தாரு. விசயத்தைக் கேட்டதும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு.

"ஏ புள்ள, தாலி போச்சுன்னா போறது யாரு உசுரு? என் உசுருதானே! இப்பவே மூச்சு அடைக்குதே!"

"கழுத்துல மஞ்சத்துண்டு கெடக்குல்ல? அதுவரைக்கும் சும்மா சாகாம இருங்க"ன்னேன்.

தொரை வந்து பார்த்தாரு. ஆட்டுக்கு வயிறு நாலு, இப்பிடி முழுங்குன சாமான் உள்ளயே தங்கிப்போகும், தானா வராதுன்னு விளக்கம் சொல்லிட்டு, அவரோட தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ல தீர்ப்பையும் சொன்னாரு: "ஆடு வெட்டு. தாலி எடு. வேற ஆடு நான் குடுக்குறேன்."

எங்க வீட்டுக்காரருக்கு மூச்சடைப்பு அந்த நிமிசமே தேறிருச்சு. கறிக்கொழம்புக்கு மல்லி இருக்கான்னு என்கிட்டயே கேக்குறாரு. பாவி மனுசன்!

நான் கிடாவோட கழுத்தைக் கட்டிக்கிட்டேன். "தொரைங்களே, உள்ள இருக்குறதைப் பார்க்கத்தானே கொழும்புலேருந்து மெசின் வந்திருக்கு? பார்த்துட்டு வெட்டுங்க. தாலி இருந்தா நான் வாயைத் தொறக்கல."

மெசின்காரங்க ரெண்டு பேரும் நான் முந்தி நீ முந்தின்னு குதிச்சாங்க. மொதல்ல பெரிய மெசின். கிடாவை மேசையில படுக்க வச்சு, எங்க வீட்டுக்காரரு அது மேல வயித்தைப் போட்டு அமுக்கிப் புடிச்சாரு. மெசின் உறுமுன உறுமல்ல ஆஸ்பத்திரி லைட்டெல்லாம் மங்கிப்போச்சு. படத்தைக் கழுவிக் கொண்டாந்து சன்னல்ல புடிச்சுப் பார்த்தா, வயித்துக்குள்ள பளிச்சுன்னு வெள்ளையா ஒரு உருப்படி! பெரிய மெசின்காரருக்குத் தலைகால் புரியல. தொரை தலையாட்டுனாரு. எங்க வீட்டுக்காரரு கத்தியைத் தீட்ட ஆரம்பிச்சுட்டாரு.

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இருந்தாலும், "எனக்கும் காட்டுங்க"ன்னு படத்தைப் புடுங்கிப் பார்த்தேன். என் தாலி வட்டப் பொட்டு ரெண்டு, நடுவுல குண்டுமணி ரெண்டு. படத்துல இருந்ததோ நீட்டமா, குழா மாதிரி, ரெண்டு பக்கமும் மூடி போட்டு, மேல ஒரு வளையம்.

"அடக் கடவுளே, இது தாயத்துல்ல!"

கத்தி தீட்டுற சத்தம் நின்னுச்சு. பேய்க்குப் பயந்துக்கிட்டு அந்த மனுசன் அரைஞாண்ல கட்டியிருந்த வெள்ளித் தாயத்து அது. கிடா மேல குப்புற விழுந்து புடிச்சாருல்ல, அது அப்பிடியே படத்துல விழுந்துருச்சு. தோட்டத்து ஆம்பளைங்க பாதிப்பேரு இடுப்புல தாயத்து கெடக்கும்னு கொழும்புக்காரருக்கு என்ன தெரியும்? "கழட்டு"ன்னாரு தொரை. பேய் நடமாடுற ஆடி மாசத்துலயான்னு எங்க வீட்டுக்காரரு கெஞ்சுனாரு. கடைசியில அதை என் கையில குடுத்துட்டு, வேர்த்து விறுவிறுத்துக் கிடாவைப் புடிச்சாரு.

அடுத்து சின்ன மெசின். சத்தமே இல்ல. படத்துல விலா எலும்பு இருக்கு, தின்ன புல்லு இருக்கு, வேற ஒண்ணுமில்ல. எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. ஆனா பெரிய மெசின்காரரு விட்டாரா? அந்தப் பொட்டிக்குத் தங்கத்தைக் காட்டுற சக்தி இல்லன்னு ஒரே சாதிப்பு. தொரையும் அந்தப் பக்கமே சாஞ்சாரு. கத்தி மறுபடி எங்க வீட்டுக்காரரு கைக்கு வந்துருச்சு.

சின்ன மெசின்காரருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "அசையாம படுக்குற ஒரு உருப்படியைக் குடுங்க. என் மெசின் என்ன காட்டும்னு அப்பப் பாருங்க"ன்னாரு. அசையாத உருப்படி ஆஸ்பத்திரியில ஒண்ணுதான் இருந்துச்சு, தொரையோட செல்ல நாய். எங்கயோ வயிறு முட்டத் தின்னுட்டு வந்து அடுப்பு பக்கத்துல படுத்துக் கெடந்துச்சு. தொரையே தூக்கியாந்து மேசையில போட்டாரு.

படம் வந்துச்சு. நாய் வயித்துல வட்டப் பொட்டு ரெண்டு, நடுவுல குண்டுமணி ரெண்டு. பொங்கலோட சேர்த்து முழுங்குனது அந்த நாய்தான். அது நக்கிப் போட்ட இலையைத்தான் என் கிடா தின்னிருக்கு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! எங்க வீட்டுக்காரரு கையிலேருந்து கத்தியைப் புடுங்கித் தொரைகிட்ட நீட்டுனேன். அவரு தமிழ்லயே சொன்னேன்: "நாய் வெட்டு. தாலி எடு. வேற நாய் நான் குடுக்குறேன்."

தொரை செவந்துபோயிட்டாரு. நான் கிடாவைக் கட்டிக்கிட்ட மாதிரியே நாயைக் கட்டிக்கிட்டாரு. "நாய்க்கு வயிறு ஒண்ணுதான்"ன்னு மெதுவா சொன்னாரு. "தானா வந்துரும்."

சின்ன மெசினையே வாங்குனாரு. நாய் பின்னாடியே ஒரு குச்சியைத் தூக்கிக்கிட்டு, கொட்டுற மழையில டேலியாத் தோட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்தது எங்க வீட்டுக்காரருதான். அவரு உசுருல்ல உள்ள கெடக்கு! தாயத்தையாவது குடு புள்ளன்னு கேட்டாரு. தாலி வரட்டும், தர்றேன்னுட்டேன்.

வந்துச்சு. தொரையே அதை மருந்துத் தண்ணியில கழுவி, ஒரு வெள்ளைப் பீங்கான்ல வச்சுக் கொண்டாந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு.

"எனக்கு எதுக்குங்க தொரை? கிடாகிட்ட கேளுங்க"ன்னேன்.

சுத்தி யாரும் பார்க்குறாங்களான்னு ஒரு பார்வை பார்த்தாரு. அப்புறம் ஒரு டேலியாப் பூவை ஒடிச்சு அதுகிட்ட நீட்டுனாரு. என் கிடா பூவை விட்டுட்டுச் செடியைப் புடுங்குச்சு. தொரை அதை வெரட்டல, கையில இருந்த பூவைத் தன் கோட்டுலயே சொருகிக்கிட்டாரு.