பக்கத்துத் தெருவை இடித்தபோது

இங்கே இத்தாலியில் எந்த அம்மாவையும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பராமரித்த சிஞ்ஞோராவின் கட்டில் தலைமாட்டில் ஒரு படம் இருந்தது. அமெரிக்காவில் ஒரு செங்கல் வீடு, மாடி ஜன்னலில் காயப்போட்ட உடுப்பு, வாசலில் முறைத்தபடி ஒரு சிறுமி. அந்தச் சிறுமிதான் நான் குளிப்பாட்டி, சூப் பருக்கிவிட்ட கிழவி. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, இதே பலெர்மோவில் பசி தாங்காமல் தகப்பன் குடும்பத்தோடு கப்பலேறியிருக்கிறார்.

அந்தக் கால அமெரிக்காவில் எல்லோருக்கும் காரும் ஃபிரிட்ஜும் கிடைத்தது என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீடு கிடைக்கவில்லையாம். போருக்குப் போனவர்கள் திரும்பி வந்ததும் இருந்த வீடுகள் போதவில்லை. இத்தாலியர் என்றால் யோசித்து யோசித்துக் கொடுத்தார்கள். கறுப்பு இனத்தவர் என்றால் கதவையே திறக்கவில்லை. பக்கத்துத் தெரு முழுக்க அப்படித் தள்ளிவிடப்பட்ட கறுப்புக் குடும்பங்கள். பெருந்தெரு போட இடம் தேடி வந்த நகரசபை ஆட்கள், அந்தத் தெரு ஊத்தைதானே என்று சிஞ்ஞோராவின் குடும்பத்திடம் கேட்டிருக்கிறார்கள். தகப்பன் ஆமென்றாராம். எலியும் ஓடுகிறது என்று சேர்த்துச் சொன்னாராம்.

"நாங்கள் மரியாதையான ஆக்கள். ஒருத்தற்ரை பிரச்சினைக்கும் போறேல்லை," என்பார் சிஞ்ஞோரா. அவர் சொன்ன இத்தாலியம் என் காதில் அப்படித்தான் விழுந்தது. பக்கத்துத் தெருவை இடித்தபோது தூசிக்கு ஜன்னலைச் சாத்தினார்களாம். பிறகு, ரோட்டு அகலம் காணாது என்று இவர்களுடைய தெருவையும் கேட்டார்கள். அதுவும் ஊத்தைத் தெரு ஆகிவிட்டது. படத்திலிருந்த வீடு அப்படித்தான் போய், குடும்பம் பலெர்மோவுக்கே திரும்பியது. வீடு ஏன் போனது என்று சாகும்வரை அவருக்கு விளங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை போய்விடுமே என்று பேசாமல் அவர் வாயைத் துடைத்துவிடுவேன்.

சிஞ்ஞோரா போன பனிக்காலம் செத்துப்போனார். இப்போது பலெர்மோவின் சீசா வட்டாரத்தில் நாங்கள் இருக்கும் கட்டடத்துக்கு, வாடகைக்கு உல்லாசப் பயணிகள் தேவையாம். கீழ்வீட்டு வங்காளதேசக் குடும்பத்தை வீட்டை விட்டு எழுப்ப வீட்டுக்காரர் காரணம் தேடுகிறார். கீழே ஒரே சத்தம் என்று மேலே இருக்கும் நாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம்.

"இஞ்சேரப்பா, சொல்லிவிடுவம்," என்றார் என் மனுசன். "எங்கடை வீட்டிலை அவர் கைவைக்க மாட்டார். நத்தாருக்குக் கேக் தந்தவரெல்லோ."

"அது திகதி முடிஞ்ச கேக்."

"நீயும் ரெண்டு துண்டு திண்டனிதானே!"

அவர் பயத்தில் கதைக்கிறார். எனக்கும் பயம்தான். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இந்தத் தெருவில் இருக்கிறது. வேறு வீடு தேடித் தொலைபேசி எடுத்தால், எங்கள் பெயரைக் கேட்டதுமே வீடு கொடுபட்டுவிட்டது என்பார்கள். வன்னியில் எத்தனை வீடு விட்டு எழும்பினோம் என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன். இன்னொரு தரம் எழும்ப என்னிடம் தெம்பில்லை.

நேற்று மனுசன் வேலைக்குப் போன பிறகு வீட்டுக்காரர் படியேறி வந்தார்.

"கீழே சத்தம் தாங்க முடியவில்லையாமே, சிஞ்ஞோரா?"

"இல்லை. அவர்கள் இருக்கிறதே தெரியாது."

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுக் குழந்தை வீறிட வேண்டுமா? படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. வீட்டுக்காரர் புருவத்தை உயர்த்தினார். என் தோளுக்கு மேலாக எங்கள் வீட்டுக்குள் ஒருதரம் நோட்டம் விட்டார். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு ஒன்றும் கேட்கவில்லை," என்றேன்.